பாஷே செய்யப் பழகினேன்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீடு மாறிய அலுப்பிலும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே! அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் குளிர் ஆரம்பித்துவிட்டது. மகளுக்கு மருத்துவப் பரீட்சை நேரம், பகலெல்லாம் நான் தனிதான். கீழ்வீட்டு அம்மாள்தான் கூப்பிட்டு வைத்துச் சமையல் சொல்லித்தருகிறார். இந்த வாரம் பாஷே. வால்நட் பருப்பை அரைத்துக் கரைக்கிற குழம்பு, அடுப்பே வேண்டாம். கோழியோ வான்கோழியோ வெந்த சாற்றில் வால்நட் விழுதைக் கரைத்துச் சூடாக்கி, ஆறவைத்துச் சாப்பிட்டால் அது சத்சிவி. இங்கே புத்தாண்டு விருந்துக்குக் கட்டாயம் இருக்கும்.

முதலில் நானாகச் செய்தது வீணாய்ப் போயிற்று. பருப்பு பழசு, ஒரே காறல். வாங்கும்போதே ஒன்றைக் கடித்துப் பார்க்க வேண்டும், மீனா. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

கால் கிலோ பருப்பு, மூன்று பல் பூண்டு, உப்பு, மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் தனியாத்தூள், அரை ஸ்பூன் காய்ந்த செண்டுமல்லி இதழ்ப்பொடி. மஞ்சள் நிறம் அதனால்தான். அப்புறம் உத்ஸ்கோ சுனேலி ஒரு ஸ்பூன். வெந்தயத்துக்குப் பங்காளி, ஆனால் அவ்வளவு கசப்பில்லை. பெயருக்கு 'அந்நிய மசாலா' என்று அர்த்தமாம், இவர்கள் வீட்டிலோ அது இல்லாத நாளே கிடையாது.

அந்த அம்மாள் பருப்பை இரண்டு முறை நைசாக அரைத்து, மசாலா சேர்த்துப் பிசைந்தார். பிறகு ஒரு பிடி விழுதை உள்ளங்கையில் வைத்து இறுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் விரலிடுக்கில் பொன்னிறமாய் எண்ணெய் கசிந்து, சுண்டுவிரல் வழியாகக் கிண்ணத்தில் சொட்டியது. எனக்குப் பேச்சே வரவில்லை. என் கையில் இரண்டு ஸ்பூன்கூடத் தேறவில்லை, அவருக்கு அரைக் கிண்ணம்!

பிழிந்த விழுதில் ஆறின வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரைக்க வேண்டும், மோர்க்குழம்புப் பதத்துக்கு. புளிப்புக்கு வினிகர், அல்லது மாதுளைச் சாறு. எனக்கு மாதுளைதான் பிடித்தது. கடைசியில் அந்த எண்ணெயை மேலே சொட்டுச் சொட்டாக விடுவார்கள்.

நீ சைவமாயிற்றே, கவலைப்படாதே. கத்தரிக்காயை நீளவாக்கில் சீவி வறுத்து, கெட்டியான விழுதை உள்ளே வைத்துச் சுருட்டி, மேலே மாதுளை முத்து தூவுகிறார்கள். மக்காச்சோள ரொட்டியோடு நான் நாலு தின்றேன்.

ஊருக்கு வரும்போது உத்ஸ்கோ சுனேலி இரண்டு பொட்டலம் கொண்டுவருகிறேன். அதுவரை வெந்தயத்தைப் போட்டுப் பார்க்காதே, கசந்துவிடும். அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

உன்,
கலா