எனக்கு மொத்தமா வாங்கித் தர வேணாம் பாப்பா

பாப்பாவுக்கு,

நீ சொன்னேன்னு நான் தொடர்கதை படிக்கிற அந்த ஆப்புக்கு சந்தா கட்டிடலாம்னு அப்பா கார்டைக் கூட கையில எடுத்துட்டாரு, நான்தான் வேணாம்னு நிறுத்தி வெச்சிருக்கேன். போன்ல சொன்னா "ஏம்மா இதுக்குக் கூடவா காசு பாப்ப"ன்னு ஆரம்பிப்ப, பாதில மீட்டிங்னு வெச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், நிதானமா படி. காசுக்காக இல்லடி. பூட்டி வெச்சிருக்குற பாகத்தை எல்லாம் ஒரே ராத்திரில தொறந்து விட்டா அதுல எனக்கு என்ன வேலை இருக்கு சொல்லு. முடிஞ்ச கதைன்னா படிச்சிட்டு மூடி வெச்சிட்டுப் போகவேண்டியதுதான், நான் என்ன சொன்னாலும் அதுல ஒரு எழுத்து மாறப் போறதில்ல. கதை ஓடிட்டு இருக்கறப்பதான் நான் ஒண்ணு சொல்லலாம், அதுக்கு அந்த ரைட்டர் பொண்ணு ஒண்ணு சொல்லும், அடுத்த எபிசோடு வர்ற வரைக்கும் பாத்திரம் தேய்க்கிறப்ப கூட இவன் ஏன் அப்படி பேசினான்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கும்.

போன வாரம் ஒண்ணு கேட்டியே, "முகம் தெரியாத ரைட்டருக்கு ஒரு பக்கத்துக்கு எழுதற, எனக்கு சாப்டியான்னு ஒத்தை வார்த்தைதான்"னு. கேள்வி நியாயம்தான், நான் இல்லேங்கல. ஆனா நீயும் வாரத்துக்கு மூணு எபி போட்டுப் பாரு, நானும் ஒரு பக்கத்துக்கு எழுதறேனா இல்லையான்னு. "ஃபைன்மா, பிஸிமா"ன்னு வர்றதுக்கு நான் என்னத்த விமர்சனம் எழுத.

இது எப்படி நடக்குதுன்னு உனக்குத் தெரியாதுல்ல, சொல்றேன் கேளு. முதல்ல டீசர்னு நாலு வரி போடுவாங்க, ஹீரோ ஹீரோயினி பேரு மட்டும் இருக்கும், அதுக்கே எல்லாரும் "வெயிட்டிங் சிஸ்"னு போடுவாங்க. அப்புறம் வாரத்துக்கு ரெண்டோ மூணோ எபி, அப்டேட்டுங்கறதைச் சுருக்கி எங்க ஆளுங்க யூடின்னு சொல்லுவாங்க. எழுதறதுல முக்காவாசி பேரு வீட்டுல இருக்குற பொண்ணுங்க, இல்லாட்டி வேலைக்குப் போயிட்டு வந்து பிள்ளைங்களைத் தூங்க வெச்சிட்டு செல்போன்லயே டைப் அடிக்கிறவங்க. எழுத்துப் பிழை கொட்டிக் கிடக்கும், ல ள ழ எல்லாம் ஒரே குடும்பம். கதை முடிஞ்சதும் கொஞ்ச நாள் விட்டு வெச்சிருந்துட்டு எடுத்துடுவாங்க, கிண்டில்ல போடுவாங்க இல்லாட்டி புக்கா அச்சடிப்பாங்க. 2016 டிசம்பர்லதான் கிண்டில்ல தமிழ் வந்துச்சு, அதுக்கப்புறம் நெறைய பேருக்கு அதுல ஏதோ ஒரு வருமானம். இன்னொண்ணு பிரதிலிபி இருக்கு, 2014ல பெங்களூர்ல ஆரம்பிச்சது, நீ எனக்குப் போட்டுக் குடுத்தது அதுதானே, அதுல காயின் வாங்கி ஸ்டிக்கர் குடுத்தா எழுதுறவங்களுக்குப் பணமா போகுது. அப்பா ரீசார்ஜ் பண்றப்ப நானும் கொஞ்சம் காயின் வாங்கிக்கிறேன், அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துப்பாரு.

ஆனா ஸ்டிக்கரை விட எழுதிச் சொல்றதுலதான் அவங்களுக்கு சந்தோஷம், இதை நான் நல்லா பாத்துட்டேன். ஆயிரக்கணக்குல பேரு படிச்சதா நம்பர் காட்டும், கீழ எழுதினது முப்பது நாப்பது பேரு இருந்தா அதிகம், அதுலயும் பாதி "சூப்பர்", "நைஸ் எபி", கை தட்டுற பொம்மை. மத்தவங்க எல்லாம் சைலண்ட் ரீடர். நானும் ரொம்ப நாள் சைலண்ட்டுதான், நமக்கென்ன தெரியும்னு இருந்தேன். வாயைத் தொறக்க வெச்சது ஒரு மோர்க்குழம்பு.

ஒரு கதைல புதுசா கல்யாணம் ஆகி வந்த பொண்ணு மாமியார் வீட்டுல முதல் முதலா சமைக்குது. அரைச்சு விட்டு, மோரை ஊத்தி, "தளதளன்னு கொதிக்கட்டும்னு விட்டுட்டு மாடிக்குப் போனாள்"னு எழுதிருந்துச்சு, மாடில ஹீரோ நிக்கிறான், ஒரே ரொமான்ஸ், எல்லாரும் ஹார்ட்டு ஹார்ட்டா போட்டுத் தள்ளிருக்காங்க. எனக்கு மாடில மனசே போகல. அடுப்புல மோரு திரிஞ்சு தண்ணி தனியா மாவு தனியா நிக்கிற மாதிரியே இருக்கு. கடைசில எழுதிட்டேன், "அம்மாடி, மோர் ஊத்தினப்புறம் கொதிக்க விடக்கூடாது, நுரை கட்டி வர்றப்பவே எறக்கிடணும், அவ மாடிக்குப் போய்ட்டு வந்தா குழம்பு இருக்காது"ன்னு. அனுப்பிட்டு கைகால் எல்லாம் உதறுது, என்ன நெனைக்குமோன்னு. ராத்திரியே பதில் வந்துச்சு, "ஐயோ ஆன்ட்டி, எனக்கு சமையலே வராது, யூடியூப் பாத்து எழுதினேன்"னு. அடுத்த எபில பாத்தா, மாமியார்க்காரி திரிஞ்ச குழம்பைக் கரண்டில தூக்கிக் காட்டி "மோரை ஊத்திட்டு மாடிக்கா போன"ன்னு கேக்குறா, அந்தப் பொண்ணு தலை குனிஞ்சு நிக்குது, ஹீரோ "நல்லாத்தாம்மா இருக்கு"ன்னு ரெண்டாவது தடவை ஊத்திக்கிறான்! முதல் ரொமான்ஸை விட இது எவ்வளவோ நல்லா இருந்துச்சு. நான் அப்பாகிட்ட காட்டினேன், அவரு கண்ணாடியைப் போட்டுட்டுப் படிச்சிட்டு "நான் அப்படி சாப்பிட்டிருக்கேன்"னாரு. எந்தக் குழம்பைச் சொன்னாருன்னு நான் கேக்கல.

இதெல்லாம் செல்போன் வந்தப்புறம் வந்த பைத்தியம்னு நெனைச்சிடாத. உங்க அம்மாச்சி பொன்னியின் செல்வனை வாராவாரம் கேட்டவ. 1950ல கல்கி பத்திரிகைல தொடங்கி 1954 வரைக்கும் வந்துச்சு, அப்ப அவளுக்குப் பன்னெண்டு பதிமூணு வயசு, தெருவுல ஒரு வீட்டுக்குத்தான் புக்கு வரும், பெரியவங்க ஒருத்தர் திண்ணைல உக்காந்து வாய்விட்டுப் படிப்பாராம், சுத்தி இருக்குறவங்க எல்லாம் காது குடுத்துக் கேப்பாங்களாம். அப்புறம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழிச்சு, மணியம் வரைஞ்ச படத்தோட சேத்து, நூல் போட்டுத் தைச்சு அட்டை கட்டி வெச்சிப்பாங்க. அந்த மாதிரி பைண்டு பண்ணின கட்டு ஒண்ணு நம்ம பரண்ல கெடந்துச்சே, ஓரமெல்லாம் பழுப்பா, தொட்டா பொடியா உதிரும், பக்கத்துக்குப் பின்னாடி தலைவலித் தைல விளம்பரம் எல்லாம் இருக்கும். கதை சட்டுன்னு முடிஞ்ச மாதிரி இருக்கு, இவங்க என்ன ஆனாங்க அவங்க என்ன ஆனாங்கன்னு படிச்சவங்க விடாம கேட்டதுலதான் கல்கி முடிவுரைன்னு தனியா எழுதி யார் யாருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு சொன்னாரு. அதே வருஷம் டிசம்பர்ல அவரு போயும் போய்ட்டாரு. இப்ப எங்க ஆளுங்க "எபிலாக் வேணும் சிஸ், குழந்தை பொறந்ததைக் காட்டுங்க"ன்னு கேக்குறது அதேதான்.

என் காலத்துல 15 பைசா கார்டு. வார இதழ்ல வந்த தொடருக்கு நானும் எழுதிருக்கேன், உங்க தாத்தாவுக்குத் தெரியாம. பதில் வராது, வாசகர் கடிதம் பக்கத்துல பேரு வந்தாலே ஊர்ல பெரிய ஆளு, எனக்கு அதுவும் வரல. போஸ்ட் பாக்ஸ்ல போட்டா அதோட சரி. இப்ப கார்டு போட்ட ராத்திரியே பதில் வருதுன்னா எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு.

ஆனா எல்லாம் பாராட்டா எழுதணும்னு இல்ல, நான் அப்படி எழுதறதும் இல்ல. இந்த ஆன்ட்டி ஹீரோ கதைங்க, அதான் ஹீரோவே வில்லன் மாதிரி இருப்பானே, அது இருக்கு பாரு, எனக்கும் அதுக்கும் ஒத்தே வராது. பழி வாங்க பலவந்தமா தாலி கட்டுவான், கன்னத்துல அறைவான், வீட்டுல பூட்டி வெப்பான், இருவதாவது எபில அவனுக்கு ஒரு சோகமான ஃபிளாஷ்பேக் வரும், அவ அழுதுட்டே மன்னிச்சிடுவா. கீழ பூராவும் "ஹீரோ பாவம்". ஒண்ணுல நான் எழுதினேன், "அடிச்சவன் அழுதா அடி வாங்கினவ ஏன்மா ஆறுதல் சொல்லணும், அவ அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் இருக்கட்டும், வேலைக்குப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு. அம்மாடி, எத்தனை பேரு என்மேல பாஞ்சாங்க தெரியுமா, "கதையை கதையா பாருங்க ஆன்ட்டி", "பிடிக்கலன்னா படிக்காதீங்க"ன்னு. ரைட்டர் ஒண்ணும் சொல்லல. ஆனா அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டா! ஒரு வருஷம் இல்ல, நாலு எபிதான், போனா போகுது. நான் சொன்னதுக்காகவான்னு கேட்டா தெரியாது, அவளுக்கே முன்னாடி அந்த எண்ணம் இருந்திருக்கலாம்.

அதுக்காக படிக்கிறவங்க சொல்றதை எல்லாம் எழுதுறவங்க கேக்கணும்னு நான் சொல்ல வரல. சுஜாதா குமுதத்துல 1857 கலகத்தை வெச்சு ஒரு தொடர் ஆரம்பிச்சாரு, எதிர்ப்பு கெளம்பி, மிரட்டல் எல்லாம் வந்து, அதைப் பாதில நிறுத்தவேண்டியதாப் போச்சு, அப்புறம் வேற பேருல மாத்தி எழுதினாரு. எங்க வீட்டுல அப்ப இதே பேச்சுதான். பிடிக்கலன்னு சொல்றது வேற, எழுதாதேன்னு சொல்றது வேற. முடிவை மாத்து, ரெண்டாவது ஹீரோவுக்கே கட்டி வைன்னு அடம் பிடிக்கிறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். கல்யாண வீட்டுல பந்தில உக்காந்துட்டு சமையக்காரரைக் கூப்பிட்டு மெனுவை மாத்தச் சொல்ற மாதிரி. உப்பு கம்மின்னு சொல்லு, தப்பில்ல.

அதை விட மோசம் "யூடி எப்போ" கும்பல். வட்டிக்குக் குடுத்தவன் வாசல்ல நிக்கிற மாதிரியே கேப்பாங்க. நான் தொடர்ந்து படிச்சிட்டு இருந்த ஒரு கதை, நல்ல கதைடி, தறிநெசவு பண்ற குடும்பம், பாவு ஓடுறது, நூல் அந்து போனா முடிச்சு போடுறதுன்னு அந்தப் பொண்ணு சின்னச் சின்னதா எழுதும், பெரிய டிவிஸ்ட்டு ஒண்ணும் இருக்காது, அதனாலயே படிக்கிறவங்களும் கம்மி. திடீர்னு நின்னு போச்சு. ஒரு வாரம் பாத்தாங்க, அப்புறம் "முடிக்க முடியலன்னா எதுக்கு ஆரம்பிக்கிறீங்க", "இனிமே ஆன்கோயிங்கே படிக்க மாட்டேன்"னு ஆரம்பிச்சாங்க. நான் மட்டும் "உடம்பு நல்லா இருக்காம்மா, நிதானமா வா, தறி எங்கயும் போகாது"ன்னு போட்டேன். ரெண்டு மூணு மாசம் கழிச்சு தனியா மெசேஜ் வந்துச்சு, மாமனாருக்கு முடியாம ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சிருக்கு. திரும்ப எழுத ஆரம்பிச்சிருச்சு, இப்பவும் படிக்கிறவங்க கம்மிதான், நான் ஒவ்வொரு எபிக்கும் எழுதிடறேன், நல்லா இல்லாததுக்கு நல்லா இல்லன்னும் எழுதறேன். அதுக்கு அதுவே பிடிச்சிருக்காம். மத்தவங்க சூப்பர்னா எது சூப்பர்னு புரியல ஆன்ட்டி, நீங்க எந்த வரின்னு சொல்றீங்கன்னு சொல்லுச்சு.

பிடிஎஃப் விஷயமும் சொல்லிடறேன். நம்ம சொந்தக்காரங்க குரூப்ல ஒருத்தங்க நாப்பது நாவலு பிடிஎஃபா தூக்கிப் போட்டு "ஃப்ரீயா படிங்க"ன்னாங்க. நான் ஒண்ணைக் கூட தொறக்கல. ராத்திரி பதினோரு மணிக்கு கண்ணு எரிய எரிய டைப் அடிச்சவளுக்கு அதுல பத்துப் பைசா வராது. குரூப்லயே சொல்லிட்டேன், உங்க அத்தைக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு, பரவால்ல.

உங்க மாமா வேற கட்சி. 2014 ஜனவரில இருந்து 2020 ஜூலை வரைக்கும் ஜெயமோகன் வெண்முரசுன்னு மகாபாரதத்தை தெனம் ஒரு அத்தியாயமா இன்டர்நெட்டுல எழுதினாரே, 26 நாவலு, அதை எழுந்ததும் காப்பிக்கு முன்னாடி படிச்சவரு அவரு. அவரும் லெட்டர் போடுவாரு, எனக்குப் புரியாத தமிழ்ல. "நீ படிக்கிறதெல்லாம் கதையா"ன்னு என்னை நக்கல் வேற. அதுல திரௌபதியைப் பத்தி அவரு பேசறப்ப கண்ணு கலங்கும், நான் என் நெசவுக்காரப் பொண்ணைப் பத்திப் பேசினா சிரிப்பு வரும். இருக்கட்டும்.

அதனால சந்தா வேணாம். அந்தக் காசுல உனக்கு நல்லதா ஒரு செருப்பு வாங்கிக்க, போன தடவை வீடியோல பாத்தேன், தேஞ்சு போயிருந்துச்சு.

இன்னொரு உதவி பண்ணு. உன்கூட படிச்ச பொண்ணு ஒருத்தி ஐசியூல நர்ஸா இருக்காளே, அவகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. இப்ப படிக்கிற கதைல ஹீரோவுக்கு ஆக்சிடென்ட், ஒரு வாரமா வெண்டிலேட்டர்ல கெடக்கான், டியூபை எடுத்த அடுத்த நிமிஷமே ஹீரோயினி கையைப் பிடிச்சிட்டு ஒன்றரை பக்கத்துக்கு டயலாக் பேசறான். உங்க பெரியப்பாவுக்கு டியூப் எடுத்தப்ப ரெண்டு நாளைக்கு குரலே கரகரன்னு காத்தாதான் வந்துச்சு, தண்ணி கூட சொட்டு சொட்டாதான் குடுத்தாங்க, எனக்கு ஞாபகம் இருக்கு. எல்லாருக்கும் அப்படித்தானா, இல்ல அவருக்கு வயசானதாலயான்னு தெளிவா கேட்டு வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடு. வெள்ளிக்கிழமை அடுத்த எபி வந்துடும், அதுக்கு முன்னாடி நான் எழுதியாகணும்.

அம்மா