“மணலும் சேறும்” என்று அட்டவணையை முடிக்கும் முன்: மீன் உணவாய்வு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

கடலோர மீன்களின் இரைப்பையை ஆராய்ந்து அவற்றின் உணவை வரையறுக்கும் ஆய்வாளர்களுக்கும், அவ்வாய்வுகளை நெறிப்படுத்தும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

மடவை மீனின் உணவைக் கூறும் அட்டவணைகளில் “மணலும் சேறும்”, “மக்கிய பொருள்” ஆகிய இரண்டும் பெரிய சதவீதங்களோடு மேலே நிற்பதையும், டயட்டம்கள் என்னும் ஒற்றைச் செல் நுண்பாசிகள் சிறிய எண்ணாகக் கீழே ஒதுங்கிவிடுவதையும் அடிக்கடி பார்க்க நேர்கிறது. மீன் எதை விழுங்கியது என்பதை அந்த அட்டவணை சரியாகவே காட்டுகிறது. ஆனால் விழுங்கியதையெல்லாம் “உணவு” என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுக்கும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மடவை கண்ணை மூடிக்கொண்டு சேற்றைத் தின்னும் மீன் இல்லை. தலையைத் தாழ்த்திச் சேற்றின் மேற்படலத்தை மட்டும் உறிஞ்சி, செவுள் வளைவுகளில் நெருங்கி அமைந்த நுண்முட்களாலும் தொண்டையின் வடிகட்டும் அமைப்பாலும் அதைத் தரம் பிரித்து, பருமனான துகள்களை வெளியே தள்ளிவிடுகிறது. ஆழமற்ற தெளிந்த நீரில் அதன் வாயிலிருந்தும் செவுள் திறப்பிலிருந்தும் கலங்கல் கிளம்புவதைக் கண்ணாலேயே காணலாம். இவ்வாறு நுண்துகள்களைத் தேர்ந்தெடுப்பதன் பொருளைச் சூழலியலாளர் வில்லியம் ஓடம் 1968-இலேயே விளக்கியிருக்கிறார். துகள் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடுகையில் அதன் மேற்பரப்பு கூடுகிறது. ஆகவே அதில் ஒட்டி வளரும் பாக்டீரியாக்களும் கரிமப் பொருளும் கூடுகின்றன.

அப்படியானால் இரைப்பையில் மணல் ஏன் இருக்கிறது என்ற கேள்வி எழலாம். மடவையின் இரைப்பையின் பின்பகுதி, கோழியின் அரைவைப்பையைப் போலத் தடித்த தசைச் சுவரைக் கொண்டது. அங்கே மணல் அரைக்கும் கருவியாகிறது. டயட்டம்களின் சிலிக்கா ஓடுகள் நொறுங்கவும் தாவர இழைகள் சிதையவும் அது துணைபுரிகிறது. அதன் பின் உடலைவிடப் பல மடங்கு நீண்ட குடலில் செரிமானம் நடைபெறுகிறது. மணலின் பருமனளவை முதல் உணவாகப் பதிவு செய்வது, மாவின் கணக்கில் அதை அரைத்த கல்லையும் சேர்ப்பதற்கு ஒப்பாகும்.

1961-இல் நடராஜனும் ஜிங்ரனும் முன்வைத்த, உணவுப் பொருள்களைத் தரவரிசைப்படுத்தும் முதன்மைக் குறியீட்டைக் கையாண்டாலும், வேறு எந்தக் குறியீட்டைக் கையாண்டாலும் இந்தக் கோணல் தானாகச் சரியாவதில்லை. பருமனளவில் மிகுந்ததும் எல்லா மீன்களிலும் காணப்படுவதுமான பொருளுக்கே கணக்கு முதலிடம் தரும். மணல் இரண்டு வகையிலும் முந்திக்கொள்கிறது. “மக்கிய பொருள்” என்ற வரியும் பெரும்பாலும் அடையாளம் காண முடியாதவற்றைப் போட்டுவைக்கும் இடமாகிவிடுகிறது. அதில் அரைபட்ட டயட்டம்களும் நீலப்பச்சைப் பாசியும் ஃபோராமினிஃபெரா என்னும் ஓடுடைய ஒற்றைச் செல் உயிரிகளும் நூற்புழுக்களும் சேர்ந்தே கிடக்கலாம்.

மீன் பிடிபட்ட நேரமும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். சேற்றுப் படுகையில் வாழும் டயட்டம்கள் பகல் நேர வற்றத்தின்போது மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்து, நீர் ஏறும் வேளையில் உள்ளே இறங்கும் இயல்புடையவை. மடவையோ பெரும்பாலும் பகலில், ஏறும் நீரோடு படுகைக்குள் நுழைந்து மேய்கிறது. இரவெல்லாம் வலையில் கிடந்த மீனின் இரைப்பை காலியாக இருந்தால், அது உண்ணவில்லை என்று முடிவு செய்ய முடியாது. உண்டது வலையிலேயே செரித்திருக்கக்கூடும்.

அளவு வகுப்புகளையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். குஞ்சுகள் முதலில் கோபிபோடு போன்ற விலங்கு மிதவை உயிரிகளையே உண்கின்றன. கரையோர நீருக்குள் வந்து வளரும்போதுதான் அடித்தள மேய்ச்சலுக்கு மாறுகின்றன, குடலும் அதற்கேற்ப நீள்கிறது. இரு பருவத்தையும் சேர்த்து எடுத்த சராசரி எந்த மீனையும் குறிக்காது.

எனவே, மணலைத் தனி நெடுவரிசையில் காட்டி, உணவுச் சதவீதத்தை அது நீங்கலாகக் கணக்கிடுங்கள். மீன் மேய்ந்த இடத்தின் மேற்படலச் சேற்றையும் உடன் எடுத்து, இரைப்பையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீன் எதைத் தேர்ந்தது என்பது அப்போதுதான் தெரியும். வசதியுள்ள ஆய்வகங்கள் தசையின் கார்பன் ஐசோடோப்பு (எடையில் வேறுபடும் கார்பன் அணு வகைகள்) விகிதத்தையும் அளக்கலாம். அடித்தள நுண்பாசியின் விகிதம் பொதுவாகத் தாவர மிதவை உயிரிகளின் விகிதத்திலிருந்து வேறுபடுவதால், எது உடலில் சேர்ந்தது என்பதற்கு அது நல்ல தடயம். வசதியில்லாதவர்களுக்கு ஒரு நுண்ணோக்கியும் சற்றுப் பொறுமையும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வேடுகளைத் தொடர்ந்து படிக்கும் வாசகர்