இருபதாம் திகதிக்குப் பிறகு: உணவு வங்கிக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ், முகத்துவாரம் பகுதிகளில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுத்து வருகிறோம். இந்த உணவு வங்கி தொடர்ந்து நடக்க மாதாந்த நன்கொடையாளர்கள் வேண்டும். ஒரே தடவையில் பெரிதாகக் கொடுப்பவர்களைவிட, மாதாமாதம் சிறிதாகக் கொடுப்பவர்களைத்தான் இப்போது தேடுகிறோம்.

நம் பகுதியில் பசி தெருவில் தெரிவதில்லை. அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருவராவது வேலைக்குப் போகிறார். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை, துணிக்கடையில் வேலை, வெள்ளவத்தைப் பக்கம் வீட்டு வேலை, இல்லாவிட்டால் ஆட்டோ. மழை பெய்து லொறி வராத நாளில் நாட்டாமைக்குக் கூலி இல்லை. புறக்கோட்டையில் இருந்த மெனிங் மரக்கறிச் சந்தை பேலியகொடைக்குப் போனபிறகு அங்கே போய்வரும் பஸ் காசும் சேர்ந்துகொண்டது. சம்பளம் வந்த கையோடு வாடகை, லைட் பில், போன மாதக் கடைக் கடன் கொப்பி என்று கரைந்துவிடும். இருபதாம் திகதி தாண்டினால் அரிசி டின்னின் அடி தெரியும். முதலில் மீன் நிற்கும். அப்புறம் பால்மா. அப்புறம் பெரியவர்களின் இராச்சாப்பாடு. அதற்கும் மேலே போனால்தான் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டில் கை வைப்பார்கள். காலைக் கூட்டத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிடும் பிள்ளையைப் பற்றி ஆசிரியர்கள் வந்து சொல்லித்தான் பல குடும்பங்களின் நிலைமை எங்களுக்குத் தெரியவருகிறது.

பொருளாதார நெருக்கடி முடிந்துவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது, முந்தைய வருடம் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 1,950 ரூபா அளவில் கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு விலை ஏறும் வேகம் அடங்கியது உண்மைதான், ஆனால் விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. கூலியும் அந்த அளவுக்கு ஏறவில்லை. 2024இல்கூட நாட்டில் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவர் வறுமையில் இருப்பதாக உலக வங்கி கணக்கிட்டது. சமுர்த்திக்குப் பதிலாக 2023இல் வந்த அஸ்வெசும என்ற அரச உதவிப் பணம் பல வீடுகளைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தக் காசு வரும் வீடுகளிலும் மாதக் கடைசி கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பொதியில் நாட்டரிசி, மைசூர்ப் பருப்பு, கோதுமை மா, சீனி, தேயிலை, நெத்தலி, சோயா மீட், தேங்காய் எண்ணெய் இருக்கும். கௌபியும் கடலையும் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் தயவுசெய்து பருப்பாகத் தாருங்கள் என்று கேட்கிறோம். சத்தில் கௌபி குறைந்ததல்ல. ஆனால் சிறு வீடுகள் நெருங்கியிருக்கும் நகரத் தோட்டமொன்றில் ஒரு பாட்டி கௌபிப் பையை எங்கள் கையிலேயே திருப்பி வைத்தார். “இத அவிக்கிற மண்ணெண்ணெய்க்கு நான் எங்க தம்பி போறது? பருப்புன்னா சட்டுனு வெந்துரும்” என்றார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனதை அந்த அடுப்படிகள் மறக்கவில்லை. ஒற்றைத் திரி அடுப்பில் சமைப்பவருக்கு அரிசியின் விலையோடு அதை வேகவைக்கும் விலையும் சேர்ந்தே வருகிறது. அதனால் சீக்கிரம் வேகும் பொருள்தான் எங்களுக்கு முதல் தேவை.

கோயில்களில் அன்னதானம் நடக்கிறதே, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுக்கிறார்களே, அது போதாதா என்றும் கேட்பதுண்டு. இரண்டும் பெரிய காரியங்கள். எங்கள் குழுவிலும் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றையும் சேர்ந்தவர்கள் இருக்கிறோம். ஆனால் சமைத்த சோறு அந்த வேளைக்கு உதவும். அரிசியும் பருப்பும் வீட்டில் இருந்தால் அடுத்த சம்பளம் வரும்வரை தாய் தன் அடுப்பில் தானே ஆக்கிப் போடலாம். வரிசையில் நிற்கக் கூச்சப்படும் முதியவர்கள், நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரிகள் ஆகியோருக்கு இதுதான் பொருத்தம்.

ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறோம். பொதி வாங்குபவர்களை நாங்கள் படம் எடுப்பதில்லை, எடுக்க விடுவதும் இல்லை. நன்கொடையாளர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. தன் அம்மா அரிசிப் பையோடு நிற்கும் படத்தைப் பள்ளிக்கூட நண்பனின் போனில் பார்க்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். படத்துக்குப் பதிலாக, வந்த பணம், வாங்கிய பொருள், கடைப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் கணக்குப் புத்தகத்தில் வைத்திருக்கிறோம். கொடுத்தவர் யாரும் எப்போதும் வந்து பார்க்கலாம்.

தீபாவளி, நத்தார், நோன்புக் காலங்களில் எங்கள் ராக்கைகளில் இடம் போதாது. வெள்ளம் வந்தாலும் அப்படித்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது கொழும்பு மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள், அதை நன்றியோடு நினைக்கிறோம். பண்டிகையும் வெள்ளமும் இல்லாத மாதங்களில்தான் ராக்கை காலியாகிறது. அந்த மாதங்களில் ஒரு குடும்பத்துக்குப் பாதிப் பொதிதான் என்று சொல்ல நேரும்போது எங்களுக்கே மனம் கேட்பதில்லை.

மாதம் 500 ரூபா என்றாலும் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதை நம்பித் திட்டமிடலாம். பணமாக வந்தால் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு மொத்தக் கடைகளில் மூட்டைக் கணக்கில் வாங்குவோம். அதே காசுக்குச் சில்லறைக் கடையைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். பொருளாகத் தருவதென்றால் பை உடைக்காமல், காலாவதித் திகதிக்குக் குறைந்தது இரண்டு மாதமாவது இருக்கும்படி தாருங்கள். ஒரு தொடர்மாடியில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு பொதியைப் பொறுப்பெடுத்தாலும் நல்லது.

கணக்கு இலக்கத்தைக் குழு உறுப்பினர்களிடம் நேரில் கேட்டு வாங்குங்கள். வட்சப்பில் எங்கள் பெயரில் வரும் எந்த இலக்கத்துக்கும் காசு அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை பிற்பகல்களில் பொதி கட்டுகிறோம், மூட்டை தூக்கப் பிள்ளைகள் வந்தால் பெரிய உதவி. ஆட்டோ வைத்திருப்பவர்கள் முதியவர்களின் வீடுகளுக்கு ஒரு ஓட்டம் போய்வரலாம்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலேயே இந்த மாதம் முட்டுப்பாடு என்றாலும் தயங்காமல் எங்களில் ஒருவரிடம் சொல்லுங்கள். பேச்சு வெளியே போகாது.

இங்ஙனம்,
உணவு வங்கிக் குழுவினர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13