வாயில் வெறும் அலங்காரமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் இடைக்காலப் பேராலயங்கள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, நாரிச் பேராலயத்தின் 96 மீட்டர் உயரக் கூம்புக் கோபுரத்தை விரிவாக விவரித்துவிட்டு, அதன் வளாக வாயில்களை அழகுக்காக எழுப்பியவை என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. புனித எதெல்பர்ட் வாயிலுக்கு அது பொருந்தாது.

பேராலயத்தை நடத்திவந்த பெனடிக்ட் சபைத் (கிறித்தவத் துறவியர் சபை) துறவியரின் மடத்துக்கும் நகரத்தாருக்கும் சந்தை உரிமை, சுங்கம், யாருடைய அதிகாரம் எதுவரை என்பவற்றில் நெடுநாள் பகை இருந்தது. வாயிலுக்கு வெளியே உள்ள டூம்லேண்ட் திடலில் கூடிய சந்தையில் மூண்ட கைகலப்பு, 1272 ஆகஸ்டில் பெருங்கலகமாக வெடித்தது. மடத்தின் ஆட்களும் ஆயுதம் எடுத்தவர்கள்தாம். ஆயினும் மடத்துக் கட்டடங்களும் எதெல்பர்ட் தேவாலயமும் எரிந்தபின், பழி பெரும்பாலும் நகரத்தின் தலையில்தான் விழுந்தது. மன்னர் மூன்றாம் ஹென்றியே நேரில் வந்தார். ஏறத்தாழ 30 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நகரத்துக்கு 3,000 மார்க் (அக்கால இங்கிலாந்தின் பணக் கணக்கு அலகு) அபராதம் விதிக்கப்பட்டது. எரிந்த தேவாலயத்தின் பெயரைத் தாங்கிய இவ்வாயில், 1316 வாக்கில், அக்கலகத்துக்குப் பரிகாரமாக நகரத்தார் கட்டித் தந்தது என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதன் மேல்தளத்தில் சிற்றாலயம் ஒன்றும் அமைக்கப்பட்டது.

கட்டுமானமும் கவனிக்கத்தக்கது. அந்த வட்டாரத்தில் நல்ல கட்டடக்கல் கிடையாது. பேராலயத்துக்கே பிரான்சின் கான் நகரிலிருந்து கடல்வழியாகச் சுண்ணாம்புக்கல் வந்தது. கைக்கெட்டிய தூரத்தில் கிடைத்தது சிக்கிமுக்கிக்கல் மட்டுமே. வெளிறிய கல்லைச் சாளர வேலைப்பாடு போலச் செதுக்கி, அதன் குழிவுகளில் உடைத்துச் சீராக்கிய கருஞ்சிக்கிமுக்கித் துண்டுகளைச் சுவர்மட்டத்துக்குப் பதித்திருக்கிறார்கள். நாரிச் அடங்கிய கிழக்கு இங்கிலாந்துப் பகுதியான கிழக்கு ஆங்கிலியாவின் தனி அடையாளமான இக்கலையின் தொடக்கக்கால எடுத்துக்காட்டுகளில் இவ்வாயிலும் ஒன்று. மேல்விளிம்பின் கைப்பிடிச்சுவர் மட்டும் 19ஆம் நூற்றாண்டுத் திருப்பணியில் புதுப்பிக்கப்பட்டது. வளைவின் ஒருபுறம் வாளும் கேடயமும் ஏந்திய மனிதன், மறுபுறம் டிராகன்; இதைக் கலகத்தோடு முடிச்சுப் போடத் தோன்றும், ஆனால் அக்காலத்தில் பரவலாக இருந்த சிற்பக்கரு என்பதால் எனக்குத் தயக்கமே.

1420களில் எழுந்த எர்பிங்ஹாம் வாயிலோ, ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்ற 1415ஆம் ஆண்டின் அஜின்கோர்ட் போரில் வில்லாளர்களை நடத்திய சர் தாமஸ் எர்பிங்ஹாமின் கொடை. கட்டுரையாளரின் கூற்று ஓரளவு பொருந்துவது அதற்குத்தான். தொடரின் அடுத்த பகுதியில் இவ்விரு வாயில்களின் படங்களையும் அருகருகே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.