‘பாஸ்ட் அவுட்’ என்று நீ எழுதிய வரி

அன்புள்ள முத்துவுக்கு,

அம்மா எழுதுவது. குடும்பக் குழுவில் நீ ஆங்கிலத்தில் இட்ட ஒற்றை வரியில் ‘பாஸ்ட் அவுட்’ என்றிருந்ததைப் பார்த்து, ஏதோ மேற்படிப்பை முடித்துவிட்டாய் என்று பெரியப்பா வாழ்த்து அனுப்பினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம் ஊரில் கல்லூரியை முடித்தவர்கள் எல்லாரும் ‘பாஸ் அவுட்’ ஆனவர்கள்தாம். வேலை விளம்பரங்களிலும் ‘2024 பாஸ் அவுட்’ என்றே ஆள் கேட்கிறார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுவதற்கு அந்தச் சொல் உண்டு. ராஜு சித்தப்பாவுக்காகப் பரங்கிமலைக்குப் போய்ப் பார்த்தோமே, அந்த அணிவகுப்புக்கும் அதுதான் பெயர்.

ஆனால் நீ இருக்கும் கனடாவில் படிப்பை முடித்தவர் ‘கிராஜுவேட்’ ஆகிறார். பாஸ் அவுட் ஆகிறவர் மயங்கி விழுகிறார். தாள்களை எல்லாருக்கும் கொடுப்பதையும் அங்கே அப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தப் பொருளில் வந்தால் எதைக் கொடுத்தாய் என்பது வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். ‘பாஸ் தெம் அவுட்’ என்று நடுவிலும் வரும். உன் வரியில் செயப்படுபொருளே இல்லை. பள்ளி நாளிலிருந்தே உன் ஆங்கிலத்தில் நான் சிவப்பு மை தொட்டதில்லை. அதனாலேயே, தவறி எழுதிவிட்டாய் என்று என்னைத் தேற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

வாழ்த்தியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி நீ முடித்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. பட்டினியால் மயங்குவதற்கும் அந்தச் சொல்தான், குடித்துவிட்டு நினைவின்றிக் கிடப்பதற்கும் அந்தச் சொல்தான். இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ. தாத்தா திருவண்ணாமலையில் மயங்கி விழுந்தது உனக்கு நினைவிருக்கும். அவரும் காலையில் சாப்பிடாதவர்தான். தனியாக ஒரு நாட்டுக்குப் போய், யார் கையையும் எதிர்பாராமல் நிற்கிறாய் என்பதில் எனக்குள்ள பெருமையை ஊரே அறியும். அதற்காக வெறும் வயிற்றோடு நிற்க வேண்டியதில்லை.

மயங்கியவருக்கு நினைவு திரும்புவதை அங்கே ‘கம் டு’ என்பார்கள், இங்கிலாந்தில் ‘கம் ரவுண்ட்’ என்பார்கள். எந்தச் சொல்லை வைத்தாவது அடுத்த வரியைக் குழுவில் இடாமல் எனக்கு மட்டும் எழுது: எங்கே விழுந்தாய், எவ்வளவு நேரத்தில் விழித்தாய், பக்கத்தில் யார் இருந்தார்கள், மருத்துவரைப் பார்த்தாயா. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பதில் வந்த பிறகுதான் சொல்வேன்.

அன்புடன்,
அம்மா