‘நாங்கள் யாரையும் ஆண்டதில்லை’: பின்லாந்திலிருந்து ஒரு வாசகியின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ‘உலகிலேயே மகிழ்ச்சியான மக்கள்’ கட்டுரையை என் தங்கை மார்த்தாண்டத்திலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். “நீ கொடுத்துவைத்தவள் அக்கா” என்று ஒரு வரியும் எழுதியிருந்தாள். நான் பின்லாந்தின் தம்பரே நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலி உதவியாளராக வேலை செய்கிறேன். இந்த நாட்டின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன்: நீங்கள் எழுதிய பின்லாந்தில் இங்கே உள்ள மனிதர்கள் இல்லை.

முதலில், பின்லாந்தை முதலிடத்தில் வைத்து ஆண்டுதோறும் வரும் அந்த உலக மகிழ்ச்சிப் பட்டியல். “நேற்று சிரித்தீர்களா, சந்தோஷமாக இருந்தீர்களா” என்று கேட்டு முதலிடம் தருவதில்லை. பூச்சியத்திலிருந்து பத்து வரை படி வைத்த ஏணி ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சிப்படி, மிக மோசமானது அடிப்படி, இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதே கேள்வி. மூன்று ஆண்டு விடைகளின் சராசரியை வைத்து நாடுகளை வரிசைப்படுத்துகிறார்கள். பின்லாந்துக்காரர்களின் சராசரி ஏழரைக்கு மேல். 2018 தொடங்கி 2025 வரை எட்டு ஆண்டுகளும் முதலிடம் அவர்களுக்கே. மார்ச் மாதம் இந்தச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் காபி அறையில் என்னுடன் வேலை செய்பவர்கள் அதை நம்ப முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். “வெளிநாட்டுக்காரர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?” என்று உடனே என்னைத்தான் கேட்பார்கள். தங்களைப் பற்றி அயலார் என்ன நினைக்கிறார்கள் என்பதில் இவர்களுக்கு இருக்கும் அக்கறை கொஞ்சநஞ்சமல்ல.

ஏணியில் உயரமாக நிற்பதாக அவர்கள் சொல்வதற்கு, உச்சியை எட்டாத உயரத்தில் வைக்காததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாடகை கட்ட முடிகிறது, பிள்ளைக்குப் பள்ளியில் இலவச மதிய உணவு கிடைக்கிறது, நோய் வந்தால் ஆஸ்பத்திரி இருக்கிறது, கோடையில் ஏரிக்கரைக் குடிலில் சில நாள், சனிக்கிழமை சௌனா எனும் நீராவிக் குளியல். இவ்வளவு இருந்தும் குறை சொன்னால் முந்தைய தலைமுறைக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்கும் மனம் இவர்களுடையது. தாங்கள் தப்பிப் பிழைத்து வந்த மக்கள் என்பதுதான் அவர்கள் தங்களைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1866 முதல் 1868 வரையிலான பஞ்சத்தில் மக்கள்தொகையில் சுமார் எட்டு சதவீதம் பேர் மாண்டார்கள். பைன் மரத்தின் உள்பட்டையை அரைத்து மாவில் கலந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், தட்டில் மிஞ்சிய கம்புரொட்டித் துண்டைக் காகிதக் கைக்குட்டையில் மடித்துத் தன் கம்பளிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு இரவும் அவருக்கு உடை மாற்றும்போது அதை எடுத்து மேசைமேல் வைப்பேன். தூக்கி எறிந்தால் காலையில் கேட்பார். பஞ்சம் அவர் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டு முன்பு நடந்தது. வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம் அப்படியே கையில் தங்கிவிட்டது.

சுமார் அறுநூறு ஆண்டு ஸ்வீடனின் கீழும், 1809 முதல் ரஷ்யப் பேரரசின் கீழும் இருந்து, 1917 டிசம்பர் 6 அன்று சுதந்திரம் பெற்றார்கள். அடுத்த மாதமே உள்நாட்டுப் போர். வசதி படைத்தோர் பக்கம் நின்ற வெள்ளை அணி, தொழிலாளர்களின் சிவப்பு அணி என்று ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். மே மாதத்தில் போர் முடிந்தது. ஆனால் சாவு முடியவில்லை. தோற்றுப்போன சிவப்பு அணியினரை அடைத்த முகாம்களில் மட்டும் பசியாலும் நோயாலும் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் போரின் மிகக் கொடிய சண்டைகளில் ஒன்று நான் வாழும் தம்பரேயில் நடந்தது. பஞ்சாலைத் தொழிலாளர் நிறைந்த சிவப்பு நகரம் இது. கலேவன்கங்காஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் மொத்தமாகப் புதைக்கப்பட்ட இடம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, நம்மூர் கல்லறைத் திருநாள் போல, பனிக்குள் ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்திகள் அங்கே எரியும். எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பெரியவர், தன் தாத்தா அந்த முகாமொன்றில் இறந்ததை நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டாராம். வீட்டில் யாரும் அதைப் பேசவே மாட்டார்கள் என்று சொன்னார்.

இப்படிப் பிளந்து கிடந்த நாடு இருபத்தோரு ஆண்டுகளில் ஒன்றாக நின்றது. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை எல்லையைத் தாண்டியபோது, அந்த முகாம்களில் இறந்தவர்களின் பிள்ளைகளும் அவர்களை அடைத்தவர்களின் பிள்ளைகளும் ஒரே பதுங்குகுழியில் இருந்தார்கள். அதுவரை தொழிற்சங்கங்களை ஏற்க மறுத்துவந்த முதலாளிகள் சங்கம், போர் நடந்துகொண்டிருந்த 1940 ஜனவரியில் பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொண்டது. அச்சம் வந்தபோது அவர்கள் ஏழையைத் தள்ளிவைக்கவில்லை, பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். போருக்குப் பின், சோவியத்திடம் போன கிழக்குப் பகுதியான கரேலியாவை இழந்து வந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, 1945 நிலச் சட்டத்தின்படி அரசிடமிருந்தும் தேவாலயத்திடமிருந்தும் பெரிய பண்ணையார்களிடமிருந்தும் நிலம் எடுத்துக் கொடுத்தார்கள். அகதி முகாம் என்று எதுவும் நிரந்தரமாகவில்லை. சோவியத்துக்குத் தரவேண்டிய 30 கோடி டாலர் போர் இழப்பீட்டைப் பொருட்களாகவே கொடுத்து 1952-க்குள் அடைத்து முடித்தார்கள். இந்த மக்களின் நேர்மையும், அரசின் மீதுள்ள நம்பிக்கையும் இந்த அனுபவத்தில் விளைந்தவை. ‘மகிழ்ச்சி’ என்ற ஒரு சொல்லைப் போட்டு இவ்வளவையும் நீங்கள் மூடிவிட்டீர்கள் என்பதுதான் என் முதல் வருத்தம்.

இரண்டாவது வருத்தம் இதைவிடப் பெரிது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பெரியவர், அந்தக் கறுப்புக் கை தன்மேல் படக்கூடாது என்று கத்தி என் கையைத் தட்டிவிட்டார். மறதி நோய் உள்ளவர். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. ஆனால் காபி அறையில் நான் இதைச் சொன்னதும், எனக்குப் பனிக்கால பூட்ஸ் வாங்கித் தந்த, என் மகனுக்கு ஸ்கேட்டிங் சொல்லித் தந்த சக செவிலி சொன்ன பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைக்கிறது. “அது இனவெறி இல்லை. எங்களிடம் அது கிடையாது. நாங்கள் யாரையும் ஆண்டதில்லை, எங்களைத்தான் எல்லோரும் ஆண்டார்கள்” என்றார். மனசாரச் சொன்னார். அதன்பிறகு இதே பதிலைப் பேருந்துக்காகக் காத்திருக்கும்போதும், மகனின் பள்ளிக் கூட்டத்திலும், படித்தவர் படிக்காதவர் என்ற பேதமில்லாமல் கேட்டிருக்கிறேன்.

அடிபட்டவன் அடிக்கமாட்டான் என்ற நம்பிக்கை இது. வடக்கே வாழும் பூர்வகுடிகளான சாமி இன மக்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். வடக்கே இனாரி, உத்ஸ்யோக்கி பக்கம் அவர்களுடைய பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்த்துத் தாய்மொழி பேசவிடாமல் செய்தது இதே நாடுதான். அதை விசாரிக்க ஆணையம் ஒன்று 2021-இல்தான் அமைந்தது. 1941 முதல் 1944 வரை, எல்லைக்கு அப்பால் சோவியத்தைச் சேர்ந்த கிழக்குக் கரேலியாவைப் பின்லாந்துப் படை பிடித்து வைத்திருந்தபோது, அங்கிருந்த ரஷ்யர்களை முகாம்களில் அடைத்தார்கள். அவற்றில் 4,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இதையெல்லாம் எழுதியவர்களும் பின்லாந்து ஆய்வாளர்களே. ஆனாலும் டிசம்பர் 6 மாலை ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, அதிபர் மாளிகை வரவேற்பை டிவியில் பார்க்கும்போது, நினைவுக்கு வருவது தாங்கள் பட்ட பாடு மட்டும்தான்.

எங்கள் இல்லத்தில் என்னை முழுமையாகப் புரிந்துகொண்டவர் ஒருவர் உண்டு. போரில் பறிபோன கரேலியாவில், வீப்புரி நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்த பாட்டி. ஐந்து வயதில் ஒருமுறை, திரும்பிப் போய் மீண்டும் பத்து வயதில் ஒருமுறை, மாட்டை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டு வந்தவர். குடியேறிய ஊரில் பள்ளிப் பிள்ளைகள் அவரை ‘ரஷ்யாக்காரி’ என்று இழிவாகக் கூப்பிட்டார்களாம். அவர் பேசியதும் பின்னிஷ்தான், அவருடைய அப்பா சண்டை போட்டதும் பின்லாந்துக்காகத்தான். “எங்கள் பேச்சுக்கும் சிரிப்புக்கும் அவர்களுக்குக் காது கூசியது. கதவைத் தட்டாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம், அது பெரிய குற்றம்” என்பார். அரிசிக் கஞ்சியை மெல்லிய கம்புமாவுத் தோலில் வைத்து மடித்துச் சுடும் கரேலியப் பலகாரத்தை விளிம்பில் எப்படிச் சுருக்குவது என்று எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். சூடாக இருக்கும்போதே மேலே வெண்ணெயும் அவித்த முட்டையும் பிசைந்து தடவ வேண்டும். இன்று அது இந்த நாட்டின் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது, தேசியப் பலகாரம் போல ஆகிவிட்டது. அதைக் கொண்டுவந்தவர்களை அன்று எப்படி வரவேற்றார்கள் என்பதை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் யாரும் சொல்வதில்லை.

இது ஒரு செவிலியின் மனக்குறை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் ஒரே தகுதியுடன் 5,000 வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். மாறியது பெயர் மட்டும்தான். பின்னிஷ் பெயருள்ள 1,000 விண்ணப்பங்களில் 390-க்கு அழைப்பு வந்தது. ஆங்கிலப் பெயர்களுக்கு 269, ரஷ்யப் பெயர்களுக்கு 228, ஈராக்கியப் பெயர்களுக்கு 134. சோமாலியப் பெயருக்கு 99. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை பன்னிரண்டு நாடுகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் கேட்டு, 2018-இல் அறிக்கை வெளியிட்டது. கடந்த ஐந்தாண்டுகளில் இனவெறித் துன்புறுத்தலைச் சந்தித்ததாகப் பின்லாந்தில் சொன்னவர்கள் 63 சதவீதம். பன்னிரண்டிலும் அதுவே அதிகம். உங்கள் கட்டுரையில் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை.

இங்கே யாரும் பேசவில்லை என்றும் சொல்லமாட்டேன். 2023-இல் புதிய அரசின் அமைச்சர்களுடைய பழைய இனவெறிப் பேச்சுகள் வெளியானபோது, ஒருவர் பதவியேற்ற பத்தே நாளில் விலகினார். செப்டம்பரில் ஹெல்சிங்கித் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். எங்கள் இல்லத்திலிருந்தும் இருவர் ரயிலேறிப் போனார்கள். அதில் ஒருவர், எனக்கு அன்று அந்தப் பதிலைச் சொன்ன அதே செவிலி. திரும்பி வந்து அதைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வேலைநேரப் பட்டியலில், என் கையைத் தட்டிவிட்ட அந்தப் பெரியவரின் அறைக்கு என் பெயருடன் தன் பெயரையும் சேர்த்து எழுதி வைத்திருந்தார்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையை வெட்டி, லேமினேட் செய்து, எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு ஏஜென்ட் தன் கடையில் ஒட்டியிருப்பதாகத் தங்கை சொல்கிறாள். அதைப் பார்த்துவிட்டு நர்சிங் படித்த பெண்கள் நகையை அடகு வைக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியவேண்டிய செய்தி வேறு. 2025-இல் இங்கே வேலையின்மை பத்து சதவீதத்தை ஒட்டிவிட்டது. 2025 ஜூன் முதல், வேலை அனுமதியில் வந்தவர் வேலையை இழந்தால் மூன்று மாதத்துக்குள் வேறு வேலை தேடவேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் அந்த அனுமதியில் இருந்தவர்களுக்கும் சிறப்புத் தகுதியுள்ளவர்களுக்கும் ஆறு மாதம். இல்லாவிட்டால் அனுமதியை ரத்து செய்யலாம். குடியுரிமைக்கு முன்பு ஐந்து ஆண்டு, 2024 அக்டோபரிலிருந்து எட்டு ஆண்டு. நம் நாட்டு பி.எஸ்சி நர்சிங் பட்டத்தை வைத்துக்கொண்டு வந்த அன்றே நர்ஸ் ஆகிவிட முடியாது. உரிமம் வாங்க வேண்டும், பின்னிஷ் படிக்க வேண்டும், அதுவரை பெரும்பாலோர் என்னைப் போல உதவியாளர்தான்.

வரும் மார்ச்சில் பட்டியல் வெளியாகும்போது நீங்கள் மறுபடியும் எழுதுவீர்கள். எழுதுங்கள். அந்தப் பக்கத்திலேயே இந்த விதிகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். பணம் கேட்கும் ஏஜென்டிடம், வேலை தரும் இல்லத்தின் பெயரும் கையெழுத்தான வேலை ஒப்பந்தமும் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாய்கூடத் தரவேண்டாம் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
தம்பரே, பின்லாந்து
(சொந்த ஊர்: மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்)