மோட்டார் சைக்கிளை விற்றுப் பறந்தவன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தஞ்சை விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு வந்ததிலிருந்து எங்களுக்கு அந்த இரைச்சல் பழகிவிட்டது. ஓட்டு வீட்டில் சட்டிபானை அதிரும். நாற்று நடும் பெண்கள் இடுப்பை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிவார்கள்.

"இதை ஓட்டுறவங்களுக்குப் பயமே இருக்காதா தாத்தா?" என்று பேரன் கேட்டான். முதல் உலகப் போரில் பறந்த கல்கத்தாப் பையன் இந்திரலால் ராயைப் பற்றிச் சொன்னேன். பார்வை சரியில்லை என்று விமானப்படையில் எடுக்காமல் தள்ளிவிட்டதும், மோட்டார் சைக்கிளை விற்று வேறு கண் மருத்துவரிடம் காட்டிச் சேர்ந்தவன். 1917 டிசம்பரில் விமானம் நொறுங்கியும் தேறி வந்தான். 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் 10 வான்போர் வெற்றிகள். அதே மாதம் 22-ஆம் தேதி பிரான்சு வானில் மடிந்தான். வயது 19! (வெள்ளைக்காரன் படையில்தான், சரி, அதற்காகத் துணிச்சல் இல்லையென்று ஆகிவிடுமா?)

அப்புறம் பாகிஸ்தானோடு போர் நடந்த 1971 டிசம்பர் 14. ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே நாட் என்ற சிறு போர் விமானத்தைக் கிளப்பிய நிர்மல் ஜித் சிங் செகோன். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே விமானப்படை வீரர்.

நம் பேருந்து நிலையத்தில் இவர்கள் படத்தோடு ஒரு பலகை வைக்கலாமே? நகைக்கடை விளம்பரத்துக்கு மட்டும் சுவர் இருக்கிறதே.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்